16 லட்சம்னு சொன்னாங்க. கைக்கு எவ்வளவு வரும்னு கேட்டதும் ஆஃபரே போச்சு



இந்த வாரம் மியூச்சுவல் ஃபண்ட் வரி பத்தி எழுதுறேன்னு போன வீடியோவுல சொல்லியிருந்தேன். அதை அடுத்த வாரத்துக்குத் தள்ளி வெச்சுட்டேன். எங்க குடும்பத்துலயே நடந்த ஒரு இன்டர்வியூ கதை இருக்கு. நம்ம சேனல் பாக்கறவங்கள்ல நிறைய பேர் இப்போ வேலை மாறுற யோசனையில இருக்கீங்கன்னு கமென்ட்ல தெரியுது. அதனால இது முதல்ல.

கதாநாயகன் என் மச்சினன். வயசு 26. "எழுதிக்கோங்க மாமா, ஆனா என் பேரும் வேண்டாம், கம்பெனி பேரும் வேண்டாம்"னு சொல்லிட்டான். ரெண்டும் இங்கே இருக்காது.

கோயம்புத்தூர்ல ஒரு ஐடி சர்வீஸ் கம்பெனியில நாலு வருஷமா இருக்கான். சிடிசி 8.4 லட்சம். பிடித்தம் எல்லாம் போக கைக்கு மாசம் 61,000 கிட்ட வரும். வீட்டுல இருந்தே வேலைக்குப் போறதால வாடகை கிடையாது, சாப்பாட்டுச் செலவு கிடையாது. கல்விக் கடன் இஎம்ஐ 11,200 ஓடிட்டு இருக்கு. மாமனார் அரசுப் போக்குவரத்துக் கழகத்துல இருக்கார், வர்ற மே மாசம் ரிட்டயர்மென்ட். அதுக்கு முன்னாடி நல்ல சம்பளத்துல உக்காந்துடணும்னு பையனுக்கு ஒரு வெறி. தப்பில்ல.

போன செப்டம்பர்ல பெங்களூரு ஸ்டார்ட்அப் ஒண்ணுல இருந்து ரெக்ரூட்டர் கூப்பிட்டாங்க. "எங்க பட்ஜெட் 16 வரைக்கும் இருக்கு, உங்க ப்ரொஃபைல் சூப்பரா பொருந்துது"ன்னாங்க. கூடவே இப்போதைய சிடிசி என்ன, கடைசி மூணு மாச பேஸ்லிப் அனுப்புங்கன்னும் கேட்டாங்க. இவன் அனுப்பிட்டான். 8.4 எங்கே, 16 எங்கே! அன்னைக்கு ராத்திரியே வீட்டுல சொல்லியாச்சு. அத்தை மைசூர்பாக் கிண்டிட்டாங்க. முதல் ரவுண்டே இன்னும் நடக்கல.

அப்புறம் நடந்தது ஆறு வாரம். ஆன்லைன்ல ஒரு டெக்னிக்கல் ரவுண்டு. அது முடிஞ்சு ஒரு அசைன்மென்ட்: வெள்ளிக்கிழமை சாயங்காலம் அனுப்பி திங்கக்கிழமை காலையில வேணும்னாங்க. பயிற்சிக் கணக்கு மாதிரி இல்ல, அவங்க ஆப்புலயே இல்லாத ஒரு வசதியை முழுசா கட்டிக் காட்டச் சொல்லியிருந்தாங்க. பையன் 14 மணி நேரம் உக்காந்தான். அடுத்து அந்த அசைன்மென்ட் மேல ஒரு டிஸ்கஷன் ரவுண்டு, ரெண்டு தடவை தேதி மாத்தினாங்க. கடைசியா நேர்ல வரச் சொன்னாங்க. ராத்திரி பஸ் புடிச்சு பெங்களூரு போனான். போக்குவரத்துக் காசு தர்ற பேச்சே இல்ல. பஸ், ஆட்டோ, சாப்பாடுன்னு 3,400 ரூபாய் கைக்காசு, மொத்தத்துல மூணு நாள் லீவு.

காலையில 11 மணிக்கு ஃபவுண்டர் ரவுண்டு. ஃபவுண்டர் வந்தது 12.10-க்கு. பேசினது 12 நிமிஷம். அதுல பாதி நேரம் போன்ல கண்ணு. அசைன்மென்ட் பத்தி ஒரு கேள்வி கூட இல்ல. கேட்டது இதுதான்: "நீ பணத்துக்காக வர்றியா, இல்ல ஒண்ணை உருவாக்கணும்னு வர்றியா?"

26 வயசுப் பையன் என்ன சொல்லுவான்? "உருவாக்கணும்னுதான் சார்"ன்னான்.

இந்தக் கேள்விய நான் மறக்கவே போறதில்ல. ஆடிட்டுக்காக நிறைய ஸ்டார்ட்அப் கணக்குகளைப் பார்த்திருக்கேன். முதலீட்டாளர்கிட்ட போய் பணம் கேக்கும்போது "நீங்க லாபத்துக்காகப் போடறீங்களா, உருவாக்கறதுக்காகப் போடறீங்களா"ன்னு எந்த ஃபவுண்டரும் கேட்டு நான் பார்த்ததில்ல. அந்த மேசையில எல்லாரும் பைசா பைசாவா பேசுவாங்க. சம்பளம் வாங்கறவன் மட்டும் பேசினா கௌரவக் குறைச்சல்!

ஃபவுண்டர் போனதும் எச்ஆர் வந்து கை குலுக்கி, "செலக்டட். ஆஃபர் லெட்டர் ரெண்டு நாள்ல வரும், நீங்க இன்னைக்கே பேப்பர் போட்டுடுங்க, 30 நாள்ல ஜாயின் பண்ணணும்"னு சொல்லியிருக்காங்க. மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டுல நின்னுட்டு எனக்கு போன் பண்றான். ரிசிக்னேஷன் மெயில் டைப் பண்ணி டிராஃப்ட்ல வெச்சிருக்கான்.

நான் சொன்னது ஒரே வார்த்தை. "லெட்டர் வரட்டும்."

இந்த இடத்துல சட்டத்தைக் கொஞ்சம் சொல்லிடறேன். 1872-ஆம் வருஷ இந்திய ஒப்பந்தச் சட்டம் 5-வது பிரிவின்படி, ஒரு ஆஃபரை நீங்கள் ஏற்றுக்கொண்டதைத் தெரிவித்து முடிக்கும் வரை, கொடுத்தவர் அதைத் திரும்பப் பெறலாம். வாய்வார்த்தையில் "செலக்டட்" என்று சொன்னதை நம்பி நீங்கள் ராஜினாமா செய்தால் அது முழுக்க உங்கள் ரிஸ்க். கையெழுத்தான லெட்டர் இருந்து, நீங்கள் ஏற்றுக்கொண்ட பிறகு அவர்கள் பின்வாங்கினால் வழக்குப் போட வழி உண்டு. ஆனால் அது சிவில் வழக்கு, வருஷக்கணக்கில் போகும், உங்கள் இஎம்ஐ தேதி அடுத்த மாசமே வந்துடும். இவனுக்கு இப்போதைய கம்பெனியில நோட்டீஸ் 90 நாள் வேற. 30 நாள்ல போகணும்னா மீதி 60 நாளுக்கான பணத்தை இவன்தான் கட்டணும். அதை யார் தருவாங்கன்னு அந்த எச்ஆர் சொல்லவும் இல்ல, இவன் கேக்கவும் இல்ல.

ரெண்டு நாள்ல வரவேண்டிய லெட்டர் ஒன்பதாவது நாள், சனிக்கிழமை ராத்திரி வந்தது. "24 மணி நேரத்துக்குள் ஏற்காவிட்டால் இந்த ஆஃபர் காலாவதியாகும்" என்று கீழே ஒரு வரி. ஒன்பது நாள் அவங்க எடுத்துக்கலாம், நமக்கு ஒரு நாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லேப்டாப்போட எங்க வீட்டுக்கு வந்தான். சம்பள இணைப்புப் பக்கத்தைத் திறந்தோம். வருஷக் கணக்கு அப்படியே கீழே:

ஃபிக்ஸட் சம்பளம் (பேசிக், எச்ஆர்ஏ, ஸ்பெஷல் அலவன்ஸ் சேர்த்து): 9,08,400
கிராஜுட்டி: 21,850
கம்பெனி கட்டும் பிஎஃப்: 21,600
குரூப் இன்சூரன்ஸ்: 18,150
லேர்னிங், வெல்னஸ் பட்ஜெட்: 30,000
ஜாயினிங் போனஸ்: 1,00,000
வேரியபிள் பே: 2,00,000
ஈசாப்: 3,00,000
மொத்தம்: 16,00,000

கணக்கு தப்பில்ல. கூட்டினா 16 லட்சம்தான் வருது. ஆனா ஒவ்வொரு வரியா என்னன்னு பாப்போம்.

கிராஜுட்டி 21,850. நிரந்தர ஊழியருக்கு இது கைக்கு வர ஐந்து வருஷம் தொடர்ந்து வேலை செய்யணும். அந்தக் கம்பெனிக்கே அப்போ வயசு நாலு. இன்சூரன்ஸ் பிரீமியம் நல்ல விஷயம்தான், ஆனா அது கம்பெனி இன்சூரன்ஸ்காரங்களுக்குக் கட்டறது. லேர்னிங் பட்ஜெட்டுக்கு பில் கொடுத்தாதான் காசு. பிஎஃப் உங்க பணம், சந்தேகமே இல்ல. மாசம் 1,800, அதாவது 15,000 ரூபாய் வரம்புக்கு 12%. ஆனா அது இந்த மாசச் செலவுக்கு ஆகாது.

வேரியபிள் 2 லட்சம். லெட்டர்ல இருந்த வாசகம், "நிறுவனத்தின் செயல்திறனையும் நிர்வாகத்தின் விருப்புரிமையையும் பொறுத்தது." வருஷத்துக்கு ஒரு தடவை ஏப்ரல்ல கொடுப்பாங்க, அன்னைக்கு நோட்டீஸ் பீரியட்ல இருந்தா கிடையாது. இந்த வாசகம் இருந்தா நான் பூஜ்யம்னுதான் கணக்கு வெப்பேன். வந்தா தீபாவளி.

ஜாயினிங் போனஸ் 1 லட்சம். 18 மாசத்துக்குள்ள விலகினா முழுசா திருப்பித் தரணும். நீக்கினாலுமான்னு தெளிவா இல்ல. இதுல பலருக்குத் தெரியாத ஒரு சிக்கல் சொல்றேன். 30% வரி வரம்புல இருக்கற ஒருத்தருக்கு 2 லட்சம் ஜாயினிங் போனஸ்னு வெச்சுக்கோங்க. டிடிஎஸ் 62,400 போக கைக்கு வந்தது 1,37,600. விலகும்போது கம்பெனி கேக்கறது முழு 2 லட்சம். அதே நிதியாண்டுக்குள்ள நடந்தா சம்பளக் கணக்குலயே சரிக்கட்டலாம். அடுத்த நிதியாண்டுக்குப் போயிட்டா அந்த வரியைத் திரும்ப வாங்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடும். அதனால ஜாயினிங் போனஸ் வாங்கினா, திருப்பித் தரவேண்டிய காலம் முடியறவரைக்கும் அதை எஃப்டியில போட்டு மறந்துடுங்க.

இப்போ கைக்கு வர்றதைப் பாப்போம். மாசம் 75,700. அதுல இவன் பங்கு பிஎஃப் 1,800, கர்நாடகா தொழில் வரி 200. 2025-26-க்குப் புது வரி முறையில 75,000 ஸ்டாண்டர்ட் டிடக்ஷன் கழிச்சு 12 லட்சம் வரைக்கும் வரி இல்லாததால, போனஸ், வேரியபிள் எல்லாம் வந்தாலும் இவனுக்கு வரி வராது. ஆக மாசம் 73,700.

இப்போ வாங்கறது 61,000. வித்தியாசம் 12,700. சிடிசியில பாத்தா இரட்டிப்பு, மாசக் கடைசியில பாத்தா 21% ஹைக்.

சரி, 12,700 கூடன்னா கூடத்தானேன்னு கேக்கலாம். பெங்களூர்ல ஏற்கனவே இருக்கறவங்களுக்கு அது சரி. இவன் புதுசா போகணும். நண்பர்களோட பங்கு போட்ட வீட்டுல இவன் பாகம் 13,000, சாப்பாடு 7,000, உள்ளூர் போக்குவரத்து, மாசம் ஒண்ணு ரெண்டு தடவை ஊருக்கு வந்துபோறது 3,500. மொத்தம் 23,500. வீட்டு அட்வான்ஸ் தனி. 73,700-ல அது போனா மீதி 50,200. வீட்டுல இருந்துகிட்டு வாங்கற 61,000-ஐ விட 10,800 கம்மி.

அவன் அந்த செல்லையே பாத்துட்டு இருந்தான். "ஃபார்முலா தப்பா இருக்கும் மாமா, இன்னொரு தடவை பாருங்க"ன்னான். பாத்தோம். சரியாத்தான் இருந்தது. (இதே எக்ஸெல் ஷீட்டை வீடியோவுக்குக் கீழ போட்டிருக்கேன், மஞ்சள் கட்டத்துல உங்க எண்ணை மட்டும் மாத்துங்க.)

ஈசாப் 12 லட்சம்னா என்ன?

மிச்சம் இருக்கறது ஈசாப். நாலு வருஷத்துக்கு 12 லட்சம், அதான் வருஷத்துக்கு 3 லட்சம்னு சிடிசியில சேத்திருந்தாங்க. நான் ஈசாப்புக்கு எதிரி இல்ல. சென்னையில 2010-ல ஆரம்பிச்ச ஃப்ரெஷ்வொர்க்ஸ் 2021 செப்டம்பர்ல நாஸ்டாக்ல பட்டியலானப்போ, 500-க்கும் மேற்பட்ட ஊழியர்கள் கோடீஸ்வரர்கள் ஆனாங்கன்னு அதோட நிறுவனர் கிரீஷ் மாத்ருபூதம் சொன்னார். அதுல பலர் 30 வயசுக்குக் கீழ. நடக்காத விஷயம் இல்ல. அதே சமயம் 2022-ல 22 பில்லியன் டாலர்னு மதிப்பிடப்பட்ட பைஜூஸ் 2024 ஜூலையில திவால் நடைமுறைக்குள்ள போச்சு. அங்கேயும் ஈசாப் வெச்சிருந்தவங்க இருந்தாங்க.

லெட்டர்ல "12 லட்சம் மதிப்புள்ள ஈசாப்"னு மட்டும் போட்டிருந்தா அது உங்களுக்கு எதையும் சொல்லல. எத்தனை ஆப்ஷன்? ஒவ்வொண்ணையும் பங்கா மாத்த நீங்க கட்டவேண்டிய விலை என்ன? கம்பெனியோட மொத்தப் பங்கு எவ்வளவு, அதுல உங்க பாகம் எத்தனை சதவீதம்? இந்த மூணும் இல்லாத 12 லட்சம், ஊர்ல சர்வே நம்பர் சொல்லாம நிலம் விக்கற மாதிரி.

அந்த 12 லட்சம் பெரும்பாலும் எப்படி வருதுன்னா, கடைசி ரவுண்டுல முதலீட்டாளர் கொடுத்த விலையால ஆப்ஷன் எண்ணிக்கையைப் பெருக்கிடுவாங்க. ஆனா முதலீட்டாளர் வாங்கினது முன்னுரிமைப் பங்கு, உங்களுக்கு வரப்போறது சாதாரணப் பங்கு. கம்பெனியில 100 கோடி போட்டிருக்காங்க, கடைசியில 90 கோடிக்குத்தான் வித்தாங்கன்னு வைங்க. போட்ட பணம் முதல்ல எங்களுக்குன்னு அவங்க ஒப்பந்தத்துல இருந்தா அந்த 90-உம் அவங்களுக்கே போயிடும். சாதாரணப் பங்கு வெச்சிருக்கறவங்களுக்கு ஒண்ணும் மிஞ்சாது. விலை ஒண்ணா சொன்னாலும் பண்டம் வேற.

அடுத்தது காலம். ஆப்ஷன் கொடுத்த நாளுக்கும் அது உங்களுடையதாக ஆரம்பிக்கும் நாளுக்கும் குறைந்தது ஒரு வருஷ இடைவெளி இருக்கணும்னு கம்பெனிச் சட்ட விதியே சொல்லுது. அதைத்தான் கிளிஃப்னு சொல்றாங்க. 11-வது மாசம் போனா ஒண்ணும் கிடையாது. அதுக்கு மேல வேலையை விட்டா, உங்களுடையதாகிட்ட ஆப்ஷன்களை எத்தனை நாளுக்குள்ள பணம் கட்டி எடுக்கணும்னு பாருங்க. பல இடங்கள்ல 90 நாள்தான்.

கடைசியா வரி. இங்கேதான் பலர் மாட்டறாங்க. ஆப்ஷனைப் பணம் கட்டிப் பங்கா மாத்துற அன்னைக்கே, பங்கு விற்காமலே, சந்தை மதிப்புக்கும் நீங்க கட்டின விலைக்கும் உள்ள வித்தியாசம் உங்க சம்பளமா கணக்காகும். ஒரு உதாரணம் பாருங்க. 12,75,000 சம்பளம் வாங்கற ஒருத்தருக்கு 2025-26-ல வரி பூஜ்யம். அவர்கிட்ட 1,000 ஆப்ஷன், கட்டவேண்டிய விலை 10 ரூபாய், மெர்ச்சன்ட் பேங்கர் போட்ட மதிப்பு 1,200 ரூபாய். 1,190 வீதம் 11,90,000 சம்பளத்தோட சேரும். வரிக்குரிய வருமானம் 23,90,000, வரி செஸ்ஸோட 3,09,400. கையில ஒரு ரூபாய் வரல, பட்டியலாகாத பங்கை விக்க ஆளும் இல்ல, ஆனா மூணு லட்சம் வரி கட்டணும். சில ஸ்டார்ட்அப்களுக்கு மட்டும் இதைத் தள்ளிப்போடற சலுகை 2020 பட்ஜெட்ல இருந்து இருக்கு. ஆனா அது 80-ஐஏசி பிரிவுச் சான்றிதழ் வாங்கின கம்பெனிகளுக்குத்தான். வெறும் ஸ்டார்ட்அப் இந்தியா பதிவு போதாது. அதுவும் நீங்க வேலையை விட்டா உடனே கட்டணும்.

இதெல்லாம் சொல்லி முடிக்கும்போது சாயங்காலம் ஆறு மணி. ஏற்கறதுக்கு இன்னும் மூணு மணி நேரம்தான் இருக்கு. ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு மெயில் எழுதினோம். ஃபிக்ஸட் 11 லட்சமாக்க முடியுமா, ஆப்ஷன் எண்ணிக்கை, விலை, மொத்தப் பங்குகள் என்ன, போன வருஷம் வேரியபிள் எத்தனை சதவீதம் கொடுத்தீங்க, நோட்டீஸ் பணத்தை யார் கட்டுவாங்க, நீக்கினாலும் ஜாயினிங் போனஸைத் திருப்பணுமா, கையில இருக்கற பணம் எத்தனை மாசத்துக்கு வரும். ஆறு கேள்வி. புதன்கிழமை வரைக்கும் நேரம் கேட்டோம்.

திங்கக்கிழமை காலையில எச்ஆர் போன். நாலு நிமிஷம். "நீங்க காம்பன்சேஷன்லயே ரொம்ப ஃபோகஸ்டா இருக்கீங்கன்னு டீம் ஃபீல் பண்றாங்க. கல்ச்சர் மேட்ச் ஆகாது. ஆஃபரை வித்ட்ரா பண்றோம்." ஆறு கேள்வியில ஒண்ணுக்கும் பதில் இல்ல. அசைன்மென்ட் எப்படி இருந்ததுன்னு கூட கடைசி வரைக்கும் சொல்லல.

பையன் என்கிட்ட பத்து நாள் பேசல. பேசினப்போ முதல்ல சொன்னது, "நீங்க கேக்கச் சொன்னதாலதான் போச்சு மாமா." அத்தை ஒண்ணும் சொல்லல, ஆனா காபி கொடுக்கும்போது ஒரு பார்வை பாத்தாங்க. எனக்கும் ரெண்டு நாள் தூக்கம் வரல. அடுத்தவன் வாழ்க்கையில எக்ஸெல் போட்டு விளையாடிட்டோமோன்னு தோணிச்சு.

இப்போ யோசிச்சா, தப்பு எங்க பக்கமும் இருந்தது. கேட்டது தப்பில்ல, கேட்ட விதமும் நேரமும் தப்பு. ஆறு கேள்வியையும் நம்பர் போட்டு ஒரே மெயில்ல, அதுவும் கடைசி நாள், அனுப்பினது பாக்கறதுக்கு அப்படியே ஆடிட் குவெரி மாதிரி இருந்திருக்கும். தொழில் புத்தி. ரெக்ரூட்டர் முதல் போன்ல 16-ன்னு சொன்ன அந்த நிமிஷமே "இதுல ஃபிக்ஸட் எவ்வளவுங்க?"ன்னு கேட்டிருக்கணும். 9 லட்சம்னு அன்னைக்கே தெரிஞ்சிருந்தா ஆறு வாரமும் 14 மணி நேர அசைன்மென்ட்டும் மிச்சம். அந்த போன்ல கேட்டா யாரும் கல்ச்சர் பத்திப் பேச மாட்டாங்க, ஏன்னா அது அவங்களுக்கும் தினமும் வர்ற கேள்வி.

கம்பெனியோட பணநிலையை ஃபவுண்டர் ரவுண்டுல, "உங்களுக்கு ஏதாவது கேக்கணுமா?"ன்னு கேக்கும்போது கேக்கலாம். "அடுத்த ஃபண்டிங் வரைக்கும் கையில எத்தனை மாசத்துக்கு இருக்கு?" 30 கோடி இருந்து மாசம் இரண்டரைக் கோடி கரைஞ்சா 12 மாசம். உங்க கிளிஃப்பும் 12 மாசம். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. நிறைய ஃபவுண்டர்கள் நேராவே பதில் சொல்லுவாங்க, நான் பாத்திருக்கேன். கோபப்படறவங்களும் இருக்காங்க. இந்தத் தடவை மாதிரி ஆஃபரே போகலாம், அந்த ரிஸ்க் இல்லைன்னு நான் சொல்லமாட்டேன். உங்ககிட்ட இப்போ வேலை இல்லைன்னா, வீட்டுல கஷ்டம்னா, 9 லட்சம் ஃபிக்ஸட்டே நல்ல ஆஃபரா இருக்கலாம். அப்போ வாங்கிக்கோங்க. 9-ன்னு தெரிஞ்சு வாங்கிக்கோங்க, 16-ன்னு நினைச்சு இஎம்ஐ போட்டுடாதீங்க.

கேக்காமலே பாக்கறது

இன்னொரு தப்பு முழுக்க என்னுடையது. யார்கிட்டயும் கேக்காமலே பாக்கக்கூடிய ரெண்டு இடம் இருக்கு. அதை நான் ஆஃபர் போன பிறகுதான் பாத்தேன்.

முதல்ல இபிஎஃப்ஓ தளத்துல எஸ்டாப்ளிஷ்மென்ட் சர்ச். லாகின் வேண்டாம். கம்பெனியோட பதிவுப் பெயரைப் போட்டா, ஒவ்வொரு மாசச் சம்பளத்துக்கும் பிஎஃப் எந்தத் தேதியில கட்டினாங்க, எவ்வளவு, எத்தனை ஊழியருக்குன்னு வரும். அடுத்த மாசம் 15-ஆம் தேதிக்குள்ள கட்டணும்கறது விதி. இவங்க கணக்குல ஏழு மாசத்துல ஊழியர் எண்ணிக்கை 140 சொச்சத்துல இருந்து 90 சொச்சத்துக்கு வந்திருந்தது. ரெண்டு மாசம் பிஎஃப் தாமதமா கட்டியிருந்தாங்க. இன்டர்வியூவுல சொன்னது "டீமை டபுள் பண்றோம்." பேசிக் 15,000-க்கு மேல இருக்கற சிலர் பிஎஃப்ல சேராம இருக்கலாம், அதனால இந்த எண்ணிக்கை மொத்த ஊழியர் எண்ணிக்கை ஆகாது. ஆனா போக்கு தெரிஞ்சுடும். பிராண்ட் பெயர் வேற, பதிவுப் பெயர் வேறன்னு இருக்கும். ஆஃபர் லெட்டரோட அடியில, இல்ல ஆப்போட பிரைவசி பாலிசியில பதிவுப் பெயர் கிடைக்கும்.

ரெண்டாவது எம்சிஏ தளம். கம்பெனி மாஸ்டர் டேட்டா இலவசம். கடைசியா எந்தத் தேதி வரைக்கும் பேலன்ஸ் ஷீட் தாக்கல் பண்ணியிருக்காங்கன்னு அதுல இருக்கும். பொதுவா மார்ச்ல முடிஞ்ச வருஷத்துக்கு செப்டம்பருக்குள்ள பொதுக்கூட்டம், அதுக்கப்புறம் 30 நாள்ல தாக்கல். ஜனவரியில பாக்கறீங்க, போன மார்ச் கணக்கே இல்லைன்னா ஏன்னு யோசிங்க. 100 ரூபாய் கட்டினா பேலன்ஸ் ஷீட்டையே இறக்கிப் பாக்கலாம். நஷ்டம் இருக்கறதைப் பாத்து பயப்படாதீங்க, வளர்ற ஸ்டார்ட்அப்புக்கு நஷ்டம் சகஜம். வங்கியில இருக்கற பணத்தையும் வருஷ நஷ்டத்தையும் பாருங்க.

இதையெல்லாம் ஸ்கிரீன்ஷாட் எடுத்து மச்சினனுக்கு அனுப்பினேன். அவன் ஒரு கட்டைவிரல் மட்டும் போட்டான். சமாதானம் ஆகறதுக்கு இன்னும் ஒரு வாரம் ஆச்சு.

அந்தக் கம்பெனி இன்னைக்கும் ஓடிட்டுத்தான் இருக்கு. நாளைக்குப் பெரிய ஃபண்டிங் வாங்கி, அங்க இருக்கறவங்க ஈசாப்ல வீடே வாங்கினாலும் வாங்கலாம். அது நடந்தா அத்தை காபி கொடுக்கும்போது மறுபடி ஒரு பார்வை பாப்பாங்க, தெரியும்.

பையன் பழைய கம்பெனியிலயே இருக்கான். டிசம்பர்ல சென்னைக் கம்பெனி ஒண்ணுல மூணாவது ரவுண்டுல ரிஜெக்ட் ஆனான். "ஆனா மூணே நாள்ல சொல்லிட்டாங்க மாமா, எது சரியில்லைன்னும் எழுதியிருந்தாங்க"ன்னான். அந்த மெயிலைப் பிரிண்ட் எடுத்து வெச்சிருக்கான்.

போன சனிக்கிழமை எங்க வீட்டுல சாப்பிட்டுட்டு இருக்கும்போது இன்னொரு ரெக்ரூட்டர் போன். 14 லட்சம்னாங்க. இவன் கையைக் கூட கழுவாம, "இதுல ஃபிக்ஸட் எவ்வளவுங்க?"ன்னு கேட்டான். அந்தப் பக்கம் ரெண்டு செகண்ட் சத்தம் இல்ல. அப்புறம் "பதினொண்ணரை"ன்னு சொன்னாங்க. திங்கக்கிழமை முதல் ரவுண்டு. இந்தத் தடவை வீட்டுல இன்னும் சொல்லல.